தையல்நாயகி சும்மா இருந்த ரெண்டு வருஷம்

கேட் போட்டுட்டான் சார். இனிமே நீங்க இறங்கிப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் பஸ் இங்கதான் நிக்கும். நீடாமங்கலம் கேட்டுன்னா அப்படித்தான். ஒரு ரயில் போகும், திறப்பான்னு பாத்தா திறக்க மாட்டான், இன்னொண்ணு வருதும்பான். முப்பத்தோரு வருஷம் இந்த ரூட்ல வேலை பாத்தவன் சொல்றேன். நீங்களும் மன்னார்குடிதானே? நல்லதாப் போச்சு.

நானா? சிங்காரவேலு. கண்டக்டரா சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிடையர் ஆனவன். செக்கர்னா சும்மா இல்ல சார். பஸ்ல ஏறினதும் படியில நின்னு ஒரே ஒரு பார்வை. அறுபது பேர்ல டிக்கெட் எடுக்காதவன் எவன்னு முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா வயலைப் பாப்பான். எடுத்தவனுக்கு வயல்ல என்ன வேலை? கண்ணுல விளக்கெண்ணெயை ஊத்திக்கிட்டுப் பாத்த வேலை அது. நீங்க எடுத்திருக்கீங்க, தெரியுது.

இந்தப் பையிலயா? பைல் சார், ஆஸ்பத்திரி பைல். என் சம்சாரத்தோடது. அவளுக்குத் தெரியாம பீரோவுலேருந்து எடுத்துக்கிட்டு வந்தேன். பென்ஷனர் சங்கத்துல கூட்டம்னு வீட்ல சொல்லிட்டு தஞ்சாவூர் போயிட்டு வரேன். பொய்தான். வேற வழி இல்ல. ஒரு மாத்திரை என் குடும்பத்தைக் கெடுத்துடுச்சு சார். கடுகு மாதிரி ஒரு மாத்திரை. சொன்னா சிரிப்பீங்க.

தையல்நாயகின்னு பேரு. கட்டிக்கிட்டு வந்து நாப்பத்து நாலு வருஷம் ஆச்சு. நல்லவதான், குறை சொல்ல முடியாது. ஆனா வாயி. அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தா ஒம்போது கேள்வி கேப்பா. எங்க வாங்கினீங்க, ஏன் அங்க வாங்கினீங்க, புழு இருந்தா அவன் மாத்திக் குடுப்பானா, பையைப் புரட்டிப் பாத்தீங்களா, பாக்கலைன்னா ஏன் பாக்கல. ஊரையே கேள்வி கேட்டுட்டு வர்றவன் சார் நான். வீட்டுக்கு வந்தா என்னை ஒருத்தி நிக்க வச்சுக் கேப்பா. நாப்பத்திரண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு.

அப்புறம் ஒரு நாள் நின்னு போச்சு.

ஒரு நாள்னா ஒரே நாள்ல இல்ல. மெல்ல மெல்ல. நான் அப்ப வாஸ்து படிச்சுக்கிட்டிருந்தேன். வடக்கே பாத்துக் கிடந்த கட்டிலைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். ரெண்டு மூணு மாசத்துல பாருங்க, கத்திரிக்காய் வாங்கிட்டு வரேன், வாங்கி வச்சுக்கிட்டு உள்ள போறா. ஒரு கேள்வி இல்ல! எனக்கு முதல்ல நம்பிக்கை வரல. மறுநாள் வேணும்னே முத்தல் வெண்டைக்காய் வாங்கிட்டு வந்தேன். அதையும் வாங்கி வச்சுக்கிட்டா. அன்னிக்கே சங்கத்துல கட்டில் விஷயத்தைச் சொன்னேன். ரிடையர்டு டிரைவர் மூணு பேர் அன்னிக்கு சாயந்திரமே கட்டிலைத் திருப்பிட்டாங்க. மூணு பேருக்கும் ஒண்ணும் பலிக்கல. திசையைச் சரியாப் பாக்கலைன்னு நான் சொன்னேன்.

எங்க விட்டேன்? ஆங், அமைதி. என்ன அமைதி சார் அது! ராத்திரி ஏழரைக்கெல்லாம் படுத்துடுவா. சித்திரை வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எளிமைன்னு நினைச்சேன். டிவியில எந்த சேனல் வச்சாலும் பாப்பா. சாம்பார்ல ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் ரெண்டு தடவை இருக்கும். சரி, வயசு அறுபத்தாறு ஆச்சு, துள்ளிக் குதிப்பாளா? நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. முகம்கூட கொஞ்சம் உப்பி, பூரிச்ச மாதிரி ஆயிடுச்சு. மனசு நிறைஞ்சா முகம் நிறையும்னு நானே எல்லார்கிட்டயும் சொன்னேன்.

குரல் வேற மாறிடுச்சு. கரகரன்னு, கட்டையா. வீட்டு போனை அவ எடுத்தா எதிர்ல இருக்கறவன், "வணக்கம் இன்ஸ்பெக்டர் சார்"ங்கறான். நாப்பத்து நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தா குரல்கூட ஒண்ணாயிடும்னு சங்கத்து ஆண்டு விழாவுல பேசினேன். 'இல்லறத்தில் அமைதி'ன்னு தலைப்பு, முக்கால் மணி நேரம். என்ன கைத்தட்டல் தெரியுமா? அவளை முன் வரிசையில உக்கார வச்சிருந்தேன். தூங்கிட்டா. தியானத்துல இருக்காங்கன்னு செயலாளர் மைக்ல சொன்னாரு.

எம் பொண்ணு பொற்கொடி இருக்கா, கோயம்புத்தூர்ல. அவ மட்டும் போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா, அம்மா பேச்சு சரியில்லப்பா, இழுத்து இழுத்துப் பேசறாங்க, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க"ம்பா. என்னடீ காட்டறது, காய்ச்சலா, இருமலா? வயசானவங்க மெதுவா பேசுவாங்க, மெதுவா நடப்பாங்க, மறந்துபோவாங்க, மலச்சிக்கல் இருக்கும், முடி கொட்டும். இதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர் முன்னாடி நின்னா அவர் சிரிப்பாரும்மான்னு சொல்லிட்டேன். வீட்ல சண்டை இல்லையேன்னு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா, நீங்களே சொல்லுங்க.

இப்பத்தான் ஒரு விஷயம் சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு இருக்கு. சரி, கேட்டும் திறக்கல.

அவளுக்கு ஒரே தங்கச்சி. நாகவள்ளி. திருத்துறைப்பூண்டியில இருக்கா. அவங்க அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, இவதான் தங்கச்சியைத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தவ. அந்த நாகவள்ளியோட ஒரே பொண்ணுக்குப் போன ஆவணியில கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தாங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டாங்க சார். நான் சங்கத்துல இருக்கேன். இவ கையில குங்குமத்தைக் குடுத்து, பத்திரிகையை வச்சுட்டு, அடுத்த வீட்டுக்குப் போகணும்னு கிளம்பிட்டாங்க. முறையா அது? ரெண்டு பேரையும் நிக்க வச்சு, தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, ஆம்பளை கையில குடுக்கறதுதானே பத்திரிகை? மூத்த மாப்பிள்ளை சார் நான் அந்த வீட்டுக்கு. டேபிள் மேல கரண்ட் பில்லு மாதிரி கிடக்குது பத்திரிகை.

"நாம போகல"ன்னேன். முன்னாடியா இருந்தா அன்னிக்கு வீடு ரெண்டாயிருக்கும். இவ என்னைப் பாத்தா. தலையை இப்படி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தெரியாம ஒரு ஆட்டு ஆட்டினா. உள்ள போய்ப் படுத்துக்கிட்டா. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் நாகவள்ளி போன் பண்ணினா, "அக்கா எங்க மாமா, பொண்ணுக்கு மாலை எடுத்துக் குடுக்க அக்காவைத்தான் நினைச்சிருக்கேன்"னு. நான் என்ன சொல்றது? எனக்கு மரியாதை குடுக்கலைன்னு நானே சொன்னா நல்லாவா இருக்கும்? "உங்க அக்காதாம்மா வர வேணாம்னு சொல்லிட்டா"ன்னேன். அதோட அந்தப் பக்கம் பேச்சு நின்னு போச்சு. அதுவும் ஒரு அமைதிதான்னு இருந்தேன்.

சுண்டல் வேணுமா சார்? வேணாமா. சரி.

மார்கழியில எனக்கு எழுபது முடிஞ்சுது. பீமரத சாந்தி பண்ணினோம். பொண்ணு, மாப்பிள்ளை எல்லாம் வந்திருந்தாங்க. மண்டபத்துல விடியக்காலம் எங்க ரெண்டு பேரையும் மணையில உக்கார வச்சு, கலச நீரை ஊத்தறாங்க. எத்தனை கலசம்? நான் பெருமைக்கு எழுபது வைக்கச் சொல்லியிருந்தேன். மார்கழிப் பனி, கிணத்துத் தண்ணி. எனக்கே பல்லு கிட்டிப் போச்சு. இவ நடுங்கக்கூட இல்ல. நல்லா பழகிட்டான்னு பாக்கறேன், நாப்பதாவது கலசமோ என்னமோ, அப்படியே என் தோள்ல சாஞ்சா. எல்லாரும் சிரிச்சாங்க. போட்டோக்காரன், "அப்படியே இருங்கம்மா"ங்கறான். நானும் கேமராவைப் பாத்துச் சிரிச்சேன் சார். அந்த போட்டோ இருக்கு வீட்ல. பொற்கொடிதான் ஓடி வந்து தொட்டுப் பாத்துட்டு, "அம்மா சில்லுன்னு இருக்காங்க, அம்மா கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க"ன்னு கத்தினா.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரெண்டு நாள் தீவிர சிகிச்சையில வச்சிருந்தாங்க. செத்துடுவாளோன்னு பயந்துட்டேன், மறைக்காம சொல்றேன். வெளியில பெஞ்சுல ஈர வேட்டியோட உக்காந்து, இவ இல்லைன்னா வேலை செய்யற கேஸ் லைட்டர் எந்த டப்பாவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதேன்னு அழுதேன்.

டாக்டர் ஒரு பொண்ணு. ரிஸ்வானான்னு பேரு, முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். மூணாம் நாள் இவ கொஞ்சம் தெளிஞ்சதும் என்னையும் பொண்ணையும் கூப்பிட்டாங்க. ஒரு சின்ன சுத்தியலை எடுத்து இவ குதிகால் நரம்புல தட்டினாங்க. பாதம் வெடுக்குனு அசைஞ்சுது. ஆனா பழைய இடத்துக்குத் திரும்பறதுக்கு நேரம் எடுத்துக்கிச்சு சார். யோசிச்சு யோசிச்சு இறங்குது. "பாத்தீங்களா?"ன்னாங்க. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்காம். அது சோம்பிப் போனா உடம்புல எல்லாமே சோம்பிடுமாம். நாடி, குடல், பேச்சு, ஞாபகம் எல்லாம். சின்ன வயசுக்காரங்களுக்கு வந்தா சட்டுனு கண்டுபிடிச்சுடலாம், வயசானவங்களுக்கு வந்தா வீட்ல இருக்கறவங்க எல்லாத்தையும் வயசு மேல போட்டுடறாங்கன்னாங்க. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதுமாம். நாலு அஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய கணக்கு இவளுக்குத் தொண்ணூறைத் தாண்டி நின்னுச்சு. அதிகமா இருக்கறது நல்லதுதானே டாக்டர்னு கேட்டேன். அது எத்தனை ஏறுதோ அத்தனைக்கு சுரப்பி வேலை செய்யலைன்னு அர்த்தமாம். என்ன கணக்கோ!

அதோட விட்டாங்களா? "இவங்க புருவத்துல வெளிப்பாதி எப்ப சார் உதிர்ந்துச்சு?"ன்னு கேட்டாங்க. நான் பாத்தேன். ஆமா, பாதிப் புருவம்தான் இருக்கு. "அவளுக்கு எப்பவுமே அப்படித்தான் டாக்டர்"னேன். பொற்கொடி போனை எடுத்து, மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோவைக் காட்டினா. அடர்த்தியா, காது வரைக்கும் போற மாதிரி புருவம் சார். அந்த டாக்டரம்மா போட்டோவைப் பாத்தாங்க, இவளைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானே முப்பத்தோரு வருஷம் பாத்த பார்வைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஏன் சார், பஸ்ல அறுபது முகம், அதைப் பாக்கறோம். வீட்ல ஒரே முகம்தானே இருக்கு, அதைப் போய் என்னன்னு பாக்கறது?

சரி, மாத்திரைக்கு வரேன். காலையில வெறும் வயித்துல ஒண்ணு, வெறும் தண்ணியில. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் காபி கூடாது. இதுதான் சார் வினை. அஞ்சரைக்கு எழுந்து எனக்குக் காபி போட்டவ, "எனக்கு ஆறரைக்குத்தான், உங்களுக்கு மட்டும் தனியா எதுக்கு அடுப்பு?"ங்கறா. அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேலை இல்ல. சும்மா உக்காந்தா என்ன பண்ணுவா? யோசிப்பா. யோசிச்சா கேப்பா. முதல் மாசம் கொஞ்சமா கேட்டா. "அந்த முருங்கை மரம் எங்கங்க?" வெட்டிட்டேன், நீதான் சும்மா இருந்தியேன்னேன். "கட்டில் ஏன் இப்படிக் கிடக்குது?" தள்ளித் தள்ளி அவளே பழையபடி வடக்கே திருப்பிட்டா. சங்கத்துல யாருக்கும் சொல்லல.

ஆறு வாரம் கழிச்சு இருபத்தஞ்சு மாத்திரையை அம்பதா ஏத்தினாங்க. வயசானவங்களுக்கு ஒரேயடியா குடுக்க மாட்டாங்களாம், இதயம் தாங்கணுமாம், படிப்படியாத்தான் ஏத்துவாங்களாம். அம்பது போட ஆரம்பிச்சதும் கத்திரிக்காய்க் கேள்வி எல்லாம் வந்துடுச்சு. ஃபேன் சுத்துது. குரல் தெளிஞ்சுடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, "அம்மா பழையபடி ஆயிட்டாங்களே, கண்ணு பட்டுடப் போவுது"ங்கறாங்க. எனக்கும் சந்தோஷம்தான். இல்லைன்னு சொல்லல.

போன வெள்ளிக்கிழமை. மாத்திரை போட்டுட்டு உக்காந்திருக்கா. எதிர்ல நான் பேப்பர் படிக்கறேன். "ஏங்க, நாகவள்ளி பொண்ணு கல்யாணத்துக்கு நான் ஏன் போகல?"

பேப்பரை இறக்கல நான். அவ சொல்றா: "நேத்து அவளுக்குப் போன் பண்ணினேன். 'நீதானே அக்கா வர வேணாம்னு சொல்லி அனுப்பினே'ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. நான் அப்படிச் சொன்னேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணுமே வரலைங்க. அந்த ரெண்டு வருஷமும் தண்ணிக்குள்ள இருந்த மாதிரி இருக்கு. நீங்கதானே கூட இருந்தீங்க. நீங்க சொல்லுங்க, நான் அப்படிச் சொன்னேனா?"

அவளுக்கு ஞாபகம் இல்ல சார். சாட்சி நான் ஒருத்தன்தான்.

"ஆமா, நீதான் சொன்னே"ன்னுட்டேன்.

நம்பிட்டா. மறு கேள்வி கேக்கல. அவ கேக்காம விட்ட ஒரே கேள்வி அதுதான். "நான் வளர்த்த தங்கச்சியாச்சே, எனக்கு எப்படி மனசு வந்துச்சு?"ன்னு முந்தானையால முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதா. ஆறரை ஆச்சு, ஏழு ஆச்சு, காபியே போடல. நான் பேப்பரைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தேன். அன்னிக்குதான் முடிவு பண்ணினேன், டாக்டரைப் பாத்து மாத்திரையைக் குறைக்கச் சொல்லணும்னு. அவ அழறதைப் பாக்க முடியல சார், அதுக்காகத்தான். வேற என்ன?

இன்னிக்குப் போனேன். நேத்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க, அந்த ரிப்போர்ட்டும் வந்திருந்துச்சு. "டாக்டரம்மா, அவளுக்குக் கொஞ்சம் கூடுதலா ஆயிடுச்சு போல, ரொம்பப் பேசறா, ரொம்ப யோசிக்கறா, பழையபடி இருபத்தஞ்சா குறைச்சுடுங்களேன்"னு நயமா கேட்டேன். அவங்க ரிப்போர்ட்டைப் பாத்தாங்க. "சார், அந்தக் கணக்கு இன்னும் பதினாலு இருக்கு. அவங்க இன்னும் பாதிதான் வந்திருக்காங்க"ன்னுட்டு சீட்டுல எழுபத்தஞ்சுன்னு எழுதிட்டாங்க.

பாதிதான் வந்திருக்காளாம் சார். பாதிக்கே இந்தப் பாடு.

இந்தாங்க, இதுதான் சீட்டு. பஸ் ஸ்டாண்டுல ஒரு மருந்துக்கடை முன்னாடி நின்னேன், வாங்கல. கேட்டுக்கு அந்தாண்டை ஒரு கடை இருக்கு, அங்கயும் வாங்குவேன்னு தோணல. வீட்ல பழைய அம்பது இன்னும் ரெண்டு அட்டை இருக்கு, அதையே போட்டுக்கிட்டிருப்பா, கேக்க மாட்டா. தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்களேன், யாருக்குத் தெரியப் போவுது? அதுவும் தீர்ந்தா அவளே கொஞ்சம் கொஞ்சமா மறுபடி ஏழரைக்குப் படுத்துக்குவா. நான் சொன்னதே சொன்னதா இருக்கும்.

எனக்கு அது வசதியா இருக்கும் சார். நெசமாவே வசதியா இருக்கும். அதான் பயமா இருக்கு.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இது என் போன். இதுல போட்டோ எடுத்து அனுப்பத் தெரியுமில்ல? சீட்டை நல்லா விரிச்சுப் பிடிங்க, எழுபத்தஞ்சு தெளிவாத் தெரியணும். பொற்கொடின்னு பேரு இருக்கும், அதுக்கு அனுப்பிடுங்க. நான் அனுப்ப மாட்டேன் சார், எனக்கு என்னைத் தெரியும். சீக்கிரம், ரயில் சத்தம் கேக்குது பாருங்க. கேட்டைத் திறந்துட்டான்னா என் மனசு மாறிடும்.

போயிடுச்சா? பாத்துட்டாளா? என்ன எழுதியிருக்கா? "அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்"னா?

ஐயோ. இப்பவேயா.

வீட்லேருந்து அடிக்குது பாருங்க. அவதான். கூட்டத்துல இருக்கேன்னு சொல்லிட்டு வந்தவன் சார், பஸ் சத்தம் வேற கேக்கும். நீங்களே எடுங்களேன். பக்கத்து சீட்டுக்காரன்னு சொல்லுங்க. அவர் தூங்கறாரும்மான்னு சொல்லுங்க.

நம்ப மாட்டா. போன வருஷம்னா நம்பியிருப்பா.